பெயரில் இருக்கிறது சம்பளம்

ஊதியம் என்ற சொல்லை வள்ளுவர் ஆதாயம் என்ற பொருளில் ஆள்கிறார். உழைத்தவனுக்குக் கிடைப்பதைச் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் எடுத்துக்கொள்ளும் சொல் கூலி. இன்றைய அரசாணைகளில் இவ்விரு சொற்களுக்கும் இடையே பெரிய அகழி ஒன்று வெட்டப்பட்டிருக்கிறது. நிரந்தரப் பணியாளருக்குக் காலமுறை ஊதியம். நாட்கணக்கில் வருபவருக்குக் கூலி. நடுவில் தொகுப்பூதியம், மதிப்பூதியம், சிறப்புக் காலமுறை ஊதியம் என்று ஒரு வரிசை. அடைமொழி பெயரைச் சிறப்பிக்கும் என்று இலக்கணம் படித்திருக்கிறோம். இந்த வரிசையில் அடைமொழி பெயரைத் தின்றுவிடுகிறது. மதிப்பு என்று முன்னால் சேர்ந்துவிட்டால் பஞ்சப்படி இல்லை, ஓய்வூதியம் இல்லை என்று அர்த்தம்.

சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கோரிக்கை தொழிற்சங்கச் சுவரொட்டிகளில் வந்து வந்து தேய்ந்துபோன ஒன்று. ஆனால் இந்திய அரசுப் பணியில் அதன் வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. ஒரே வேலையைச் செய்யும் இருவருக்கு வெவ்வேறு சம்பளம் கொடுக்கும்போது, "இவர் வேலை குறைவு" என்று அரசு பெரும்பாலும் வாதிட்டதில்லை. வேலையின் பெயரை மாற்றிவிட்டு, பெயர் வேறு, ஆகவே சம்பளமும் வேறு என்றே சொல்லிவந்திருக்கிறது. பெயர்கள் மட்டும் காலத்துக்குக் காலம் மாறின.

1885ஆம் ஆண்டிலிருந்து ஆரம்பிக்கலாம். ஜகதீஷ் சந்திர போஸ் கேம்பிரிட்ஜிலும் லண்டனிலும் படித்துவிட்டுக் கல்கத்தா திரும்புகிறார். பிரிட்டிஷ் போஸ்ட்மாஸ்டர் ஜெனரலாக இருந்த பொருளாதார அறிஞர் ஹென்றி ஃபாஸெட் வைஸ்ராய் ரிப்பனுக்கு எழுதிய அறிமுகக் கடிதம் கையில் இருக்கிறது. இருந்தும் வங்காளக் கல்வித்துறைத் தலைவர் ஆல்ஃப்ரட் கிராஃப்டும் பிரஸிடென்ஸி கல்லூரி முதல்வர் சார்ல்ஸ் டானியும் தயங்குகிறார்கள். இந்தியர்களுக்குத் தத்துவமும் மொழியும் வரும், துல்லியம் வேண்டிய பௌதிகம் வராது என்பது அந்தக் காலத்து அதிகாரிகளின் நம்பிக்கை. கடைசியில் வேலை கிடைத்தது. ஐரோப்பியப் பேராசிரியருக்கு உள்ள சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு என்பது விதி. போஸின் நியமனம் தற்காலிகம் என்பதால் அதிலும் பாதி. ஆக, பக்கத்து வகுப்பறையில் அதே பாடத்தை நடத்தும் வெள்ளைக்காரர் வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கு.

போஸ் வேலையை மறுக்கவில்லை, ராஜினாமாவும் செய்யவில்லை. வகுப்புக்குப் போனார், பாடம் நடத்தினார், சம்பளத்தை மட்டும் தொடவில்லை. ஒரு மாதம் இரண்டு மாதம் அல்ல, மூன்று வருடங்கள். வசதியில் பிறந்த வீம்பு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அவருடைய தந்தை பகவான் சந்திர போஸ் டெபுடி மாஜிஸ்ட்ரேட்டாக இருந்தவர். சுதேசித் தொழில்களில் பணம் போட்டுக் கடனாளி ஆனவர். அந்தக் கடன் மகன் தலையில் இருந்தது. இதற்கு நடுவே 1887இல் திருமணம். மணமகள் அபலா, கல்கத்தாவில் பெண்ணுக்கு மருத்துவப் படிப்பு கிடைக்காததால் சென்னைக்கு வந்து மதராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்காமல் திரும்பியவர். இருவருமாகச் சம்பளமில்லாமல் குடித்தனம் நடத்தியிருக்கிறார்கள்.

மூன்று வருட முடிவில் டானியும் கிராஃப்டும் மனம் மாறினார்கள். நியமனம் நிரந்தரமாயிற்று, முன்தேதியிட்டு முழுச் சம்பளமும் மொத்தமாக வந்தது. போஸ் அதைக் கொண்டு தந்தையின் கடன்களை அடைத்தார்.

போஸின் கதை நம் பாடப்புத்தகங்களில் சுயமரியாதைக்கு உதாரணமாக வருவதுண்டு. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. 1886இல் ஐட்சிசன் தலைமையில் அமைந்த அரசுப் பணிக் கமிஷன், உடன்படிக்கைப் பணி, உடன்படிக்கை சாராப் பணி என்று அதுவரை இருந்த பாகுபாட்டை எடுத்துவிட்டு, இம்பீரியல், மாகாணப் பணி, கீழ்நிலைப் பணி என்று மூன்றாக வகுத்தது. கல்வித்துறையில் இது 1896இல் நடைமுறைக்கு வந்தது. இங்கிலாந்தில் தேர்வானவர்கள் இந்தியக் கல்விப் பணி. இங்கே தேர்வானவர்கள் மாகாணக் கல்விப் பணி. இந்தியன் என்பதால் குறைவு என்று இனி எவரும் சொல்ல வேண்டியதில்லை. நீ மாகாணப் பணியில் இருக்கிறாய், அதற்கு இவ்வளவுதான் என்றால் போதும். இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் மாகாணப் பணியில்தான் எடுக்கப்பட்டார்கள். எடின்பரோவில் டாக்டர் பட்டம் வாங்கிவந்து, 1889இல் அதே பிரஸிடென்ஸி கல்லூரியில் 250 ரூபாய்க்கு வேலைக்குச் சேர்ந்த ரசாயனப் பேராசிரியர் பிரபுல்ல சந்திர ராய் அந்த வலையில் மாட்டிக்கொண்டவர். பெயரில் "இந்தியக்" கல்விப் பணி என்று இருப்பதில் இந்தியர்களைத் தேட வேண்டியிருந்தது. இதை எழுதிய குமாஸ்தாவுக்கு நகைச்சுவை உணர்வு இருந்ததா என்று தெரியவில்லை.

போஸ் எதிர்த்தது ஒரு விதியை. விதி வெளிப்படையாக நிறத்தைச் சொன்னது. ஆகவே அதை எதிர்க்கவும் முடிந்தது. ராய் எதிர்கொண்டது ஒரு பெயர்ப் பலகை. சம்பளத்தை வாங்காமலிருந்து அதை மாற்றிவிட முடியாது.

1912இல் அமைந்த இஸ்லிங்டன் கமிஷன் இந்தப் பிரச்சனையை மறுபடி கையிலெடுத்தது. கோகலே அதில் உறுப்பினர். அறிக்கை முடிவதற்குள் 1915இல் காலமாகிவிட்டார். இன்னொரு உறுப்பினர், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அப்துர் ரஹீம், நீண்ட மாற்றுக் கருத்து ஒன்றை எழுதினார். 1917இல் வெளியான அறிக்கை சம்பளத்துக்கு ஒரு தத்துவத்தை நிறுவிவிட்டுப் போயிற்று: தகுதியானவர்கள் வேலைக்கு வருவதற்கும் நிலைப்பதற்கும் எவ்வளவு தேவையோ அவ்வளவு கொடுத்தால் போதும். சந்தையில் கத்தரிக்காய் வாங்கும் தத்துவம்தான் இது. ஒரே வேலைக்கு ஒருவன் குறைந்த கூலிக்கு வரத் தயாராக இருந்தால் அவனுக்குக் குறைத்துக் கொடுப்பது இதன்படி நியாயம். நிறத்தைப் பேசாமலே நிற வேறுபாட்டைக் காப்பாற்ற இது போதுமானதாக இருந்தது. வெள்ளையர் போன பிறகும் அந்தத் தத்துவம் கப்பலேறவில்லை.

காங்கிரஸின் பதில் வேறு திசையில் இருந்தது. 1931 கராச்சித் தீர்மானம், அரசு ஊழியர் சம்பளம் சாதாரணமாக மாதம் 500 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்றது. 1937இல் ராஜாஜி உட்பட காங்கிரஸ் மந்திரிகள் 500 ரூபாய் சம்பளத்தில் பதவியேற்றார்கள். அவர்கள் முன் கோப்பை நீட்டிய ஐ.சி.எஸ். செயலாளர்கள் அதைப் போலப் பல மடங்கு வாங்கினார்கள். உச்சியை வெட்டினால் சமத்துவம் வந்துவிடும் என்பது அன்றைய நம்பிக்கை. அது நடக்கவும் இல்லை. சுதந்திரத்துக்குப் பின் ஐ.சி.எஸ்.காரர்களின் பழைய சம்பளத்துக்கு அரசியல் சாசனத்தின் 314ஆம் பிரிவு காவல் நின்றது. 1972இல் 28ஆம் திருத்தம் வந்துதான் அது நீங்கியது. அதுவரை ஒரே நாற்காலியில் ஐ.சி.எஸ். உட்கார்ந்தால் ஒரு சம்பளம், ஐ.ஏ.எஸ். உட்கார்ந்தால் வேறு சம்பளம்.

1946இல் அமைக்கப்பட்ட முதல் ஊதியக் குழுவின் தலைவர் ஃபெடரல் கோர்ட் நீதிபதியாக இருந்த ஸ்ரீனிவாச வரதாச்சாரியார், நம்மூர்க்காரர். அந்த ஆண்டு ஜூலையில் தபால் ஊழியர் வேலைநிறுத்தம் நாட்டை உலுக்கியிருந்தது. 1947இல் வந்த அறிக்கை கடைநிலை ஊழியருக்கு 30 ரூபாய் அடிப்படைச் சம்பளமும் 25 ரூபாய் பஞ்சப்படியுமாக 55 ரூபாயும், உச்சமாக 2000 ரூபாயும் பரிந்துரைத்தது. (1912இல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்த கணிதமேதை ராமானுஜனுக்கும் மாதம் 30 ரூபாய்தான். முப்பத்தைந்து ஆண்டுகளில், நடுவே இரண்டு உலகப் போர்களைக் கடந்து அந்த 30 என்ற எண் அப்படியே நிற்பது ஒரு தற்செயல். ஆனால் பார்க்கச் சங்கடமான தற்செயல்.) 2016இல் ஏழாவது குழுவின்படி குறைந்தபட்சம் 18,000, உச்சம் 2,50,000. அதாவது மேலுக்கும் கீழுக்கும் இடையே முப்பத்தாறு மடங்காக இருந்த தூரம் பதினான்கு மடங்காகக் குறைந்திருக்கிறது. இதைச் சாதனை என்றே சொல்ல வேண்டும். 1960 ஜூலையிலும் 1968 செப்டம்பர் 19லும் வேலைநிறுத்தம் செய்து, வேலையையும் சிலர் உயிரையும் இழந்த மத்திய அரசு ஊழியர்களுக்கு இதில் பங்குண்டு.

ஆனால் ஊதியக் குழுக்களின் அட்டவணை, அட்டவணைக்கு உள்ளே இருப்பவர்களைப் பற்றியது. ஒரே மட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இருவருக்கிடையே உள்ள தூரத்தை அளக்க அதில் அளவுகோல் இல்லை. அதற்கு நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

அரசியல் சாசனத்தின் 39ஆம் பிரிவு, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்பதை அரசு பின்பற்ற வேண்டிய நெறியாக வைத்தது. நெறிதான், உரிமை அல்ல. அதை வைத்து வழக்குப் போட முடியாது. வருமான வரித்துறையில் ஒரே வேலையைச் செய்த முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு அதிகாரிகளின் சம்பள வேறுபாடு அறுபதுகளின் தொடக்கத்தில் கிஷோரி மோகன்லால் பக்ஷி வழக்காக உச்ச நீதிமன்றம் வந்தபோது, சம வேலைக்குச் சம ஊதியம் என்ற அருவக் கொள்கைக்கும் சாசனத்தின் 14ஆம் பிரிவுக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இருபது வருடங்கள் அதுதான் சட்டம்.

1982 பிப்ரவரியில் ரண்தீர் சிங் வழக்கு. டெல்லி போலீஸில் வண்டி ஓட்டும் கான்ஸ்டபிள் அவர். டெல்லி போலீஸ் டிரைவர்களுக்குச் சம்பள விகிதம் மெட்ரிக் தேறாதவர் என்றால் 210-270, தேறியவர் என்றால் 225-308. ரயில்வே பாதுகாப்புப் படையில் வண்டி ஓட்டுபவருக்கு 260-400. டெல்லி நிர்வாகத்தின் மற்ற அலுவலகங்களில் ஓட்டுபவருக்கும் 260-இலிருந்து ஆரம்பம். தீயணைப்புத் துறையிலும் கலங்கரை விளக்கத் துறையிலும் 330-480. எல்லோரும் ஒரே ஊரில், ஒரே சாலையில் ஓட்டுகிறார்கள். போலீஸ் வண்டி ஓட்டுபவருக்கு நேரம் காலம் கிடையாது, ஆபத்தும் அதிகம். இது எப்படி நேர்ந்தது என்று பார்த்தால் காரணம் விசித்திரமாக இருக்கிறது. மூன்றாவது ஊதியக் குழு டிரைவர்களையெல்லாம் ஒரு பிரிவாக எடுத்துத் தனி அத்தியாயத்தில் ஆராய்ந்தது. ஆனால் டெல்லி போலீஸ் டிரைவரின் பதவிப் பெயர் "டிரைவர்-கான்ஸ்டபிள்". ஆகவே அவரைக் கான்ஸ்டபிள்களோடு வைத்துப் பார்த்தார்கள். ஒரு சொல் ஒட்டிக்கொண்டிருந்த பாவத்துக்கு ஒரு மனிதன் தன் தொழிலிலிருந்தே விலக்கப்பட்டான்.

துறை வேறு, ஆகவே சம்பளம் வேறு என்பது அரசின் வாதம். செய்யும் வேலை குறைவு என்று அரசு சொல்லவே இல்லை. நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி எழுதிய தீர்ப்பு, வயிற்றுக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லாத சமத்துவம் சாமான்யனுக்கு எதற்கு என்ற தொனியில் பேசியது. சாசன முகவுரையையும், 39ஆம் பிரிவையும், 14, 16ஆம் பிரிவுகளையும் சேர்த்து வைத்துப் படித்தால் சம வேலைக்குச் சம ஊதியம் வெறும் அருவக் கொள்கையல்ல, உரிமையாகக் கோரத்தக்கது என்றது. 1973 ஜனவரி 1 முதல் ரயில்வே பாதுகாப்புப் படை டிரைவருக்கு இணையாகச் சம்பளம் தரச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பர் 17 அன்று, இதே சின்னப்ப ரெட்டியும் அமர்ந்திருந்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, நகரா வழக்கில், ஓய்வுபெற்ற தேதியை வைத்து ஓய்வூதியர்களை இரண்டாகப் பிரிப்பது செல்லாது என்றது. டிசம்பர் 17 இன்றும் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. பெயர் செல்லாது, தேதியும் செல்லாது. 1982ஐ இந்தக் கதையின் உச்சம் என்று வைத்துக்கொள்ளலாம்.

உச்சம் என்றால் பிறகு இறக்கம்தானே. 1985இல் நேரு யுவக் கேந்திராவின் தினக்கூலிப் பணியாளர்கள் வழக்கில் நீதிபதி பகவதி, தெரிந்துதானே குறைந்த கூலிக்கு வந்தாய் என்று அரசு கேட்கக் கூடாது என்று கண்டித்தார். இஸ்லிங்டன் தத்துவத்துக்கு நேர்ப் பதில் அது. ஆனால் 1988இல், அலகாபாத் உயர் நீதிமன்றப் பெஞ்ச் செயலாளர்கள் தொடர்பான சௌராசியா வழக்கில், வேலைகளின் மதிப்பை ஒப்பிடுவது நிபுணர் குழுக்களின் வேலை, நீதிமன்றம் எளிதில் தலையிடலாகாது என்றாகிவிட்டது. இதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். டிரைவரையும் டிரைவரையும் ஒப்பிடுவது சுலபம். ஆய்வக உதவியாளரையும் நூலகரையும் ஒப்பிடுவது சுலபமல்ல. எனினும் நிபுணர் குழு என்பது பெரும்பாலும் அந்த அட்டவணையைத் தயாரித்த அதே அரசு அமைத்த குழு என்பதையும் கவனிக்க வேண்டும். 2016 அக்டோபரில் ஜக்ஜித் சிங் வழக்கில்தான் காற்று மறுபடி திரும்பியது. தற்காலிகப் பணியாளர் நிரந்தரப் பணியாளரின் வேலையையே செய்தால் அந்தப் பதவியின் குறைந்தபட்ச விகிதத்தையாவது தர வேண்டும். குறைந்த கூலிக்கு எவரும் விரும்பி ஒத்துக்கொள்வதில்லை, குடும்பத்துக்குச் சோறு போடுவதற்காகத் தன் மானத்தை அடகு வைத்து ஒத்துக்கொள்கிறார்கள் என்றது அத்தீர்ப்பு.

ஆனால் சட்டம் ஒரு பெயரை அடைத்தால் நிர்வாகம் இன்னொரு பெயரைத் திறந்துகொள்கிறது. கிராமத் தபால்காரர்களின் கதை இதற்கு நல்ல சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பள்ளிக்கூட வாத்தியாரிடமோ மளிகைக் கடைக்காரரிடமோ ஊர்த் தபாலை ஒப்படைத்து ஏதோ ஒரு தொகை கொடுத்துவந்தார்கள். அவர்கள் பெயர் "இலாகாவுக்கு அப்பாற்பட்ட" ஏஜெண்டுகள். இலாகாவின் தபாலைத்தான் சுமக்கிறார்கள். ஆனால் இலாகாவுக்கு அப்பால். 1977இல் ராஜம்மா வழக்கில், இவர்கள் வகிப்பது அரசுப் பதவியே, ஆனால் முறையான அரசுப் பணிக்கு வெளியே உள்ள பதவி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2001இல் பெயர் கிராமின் டாக் சேவக் என்று மாறியது. சேவகர், ஊழியர் அல்ல. அவர்கள் வாங்குவதற்கும் சம்பளம் என்று பெயர் கிடையாது. "நேரம் சார்ந்த தொடர்ச்சிப் படி" என்று தமிழில் தட்டுத்தடுமாறிச் சொல்லலாம். சம்பளம் என்ற சொல்லை உச்சரிக்காமலிருக்க எவ்வளவு பிரயத்தனம்! 2018 மே மாதம் பதினாறு நாள் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, கிளை அஞ்சலகத் தலைவருக்கு நான்கு மணி நேரத்துக்கு 12,000, ஐந்து மணி நேரத்துக்கு 14,500 என்று அந்தப் படி உயர்ந்தது. அப்போதும் பெயர் மாறவில்லை.

அங்கன்வாடிப் பெண்கள் விஷயமும் இதுவே. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய திட்டத்தில் அவர்கள் தொண்டர்கள், அவர்களுக்கு மதிப்பூதியம். குழந்தைகளை எடைபோடுவதிலிருந்து கணக்கெடுப்பு வரை எல்லாம் செய்யும் அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 ஏப்ரல் வரை ஆயிற்று.

தமிழ்நாட்டில் இந்தக் கலை இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. ஜெயலலிதா ஆட்சியில் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்ட ஆசிரியர்களைக் கருணாநிதி அரசு 2006 ஜூன் 1 முதல் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவந்தது. பெயர் நீங்கியது. மூன்றே வருடத்தில் வேறொன்று வந்தது. ஆறாவது ஊதியக் குழுவை ஒட்டி 2009 ஜூன் 1 அன்று மாநில அரசு அரசாணை 234ஐ வெளியிட்டது. அந்தத் தேதிக்கு முன் பணியில் சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்குப் பழைய தொடக்கச் சம்பளமான 4,500ஐ 1.86ஆல் பெருக்கி 8,370 ரூபாய் அடிப்படை என்று நிர்ணயித்தார்கள். அந்தத் தேதியிலிருந்து சேர்ந்தவர்களுக்குப் பெருக்க எதுவும் இல்லை. புதிய ஊதியக் கட்டின் அடிமட்டத்தில், 5,200இல் நிறுத்தினார்கள். தர ஊதியம் இருவருக்கும் 2,800.

இங்கே பதவியின் பெயர்கூட வேறு அல்ல. இருவரும் இடைநிலை ஆசிரியர்; ஒரே பட்டயப் படிப்பு, ஒரே பாடநூல், ஒரே நேரத்தில் அடிக்கும் மணி. ஒருவர் மே மாதம் சேர்ந்தார், மற்றவர் ஜூனில் சேர்ந்தார். நகரா தீர்ப்பு எழுதப்பட்டு இருபத்தாறு வருடங்கள் கழித்து ஒரு தேதி மறுபடி சுவராக எழுந்தது. அதைக் கட்ட வேண்டும் என்று எவரும் திட்டமிட்டதாகவும் தோன்றவில்லை. பெருக்கல் வாய்ப்பாட்டை எழுதியவர், பெருக்குவதற்கு எதுவும் இல்லாதவரை நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். சுட்டிக்காட்டிய பிறகும் திருத்தாததற்குத்தான் சமாதானம் கிடையாது. அந்த ஆசிரியர்கள் 2018இலும் 2022 டிசம்பரிலும் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். சிலர் மயங்கி விழுந்து மருத்துவமனைக்குப் போனார்கள். 2023 ஜனவரி 1 அன்று மூன்று பேர் கொண்ட குழு ஒன்று அறிவிக்கப்பட்டது.

வேறுபாடு முதலில் மாதம் 3,170 ரூபாய். அதன் மேல் பஞ்சப்படி. பிறகு ஆண்டுதோறும் மூன்று சதவீத ஊதிய உயர்வு, இரண்டு பக்கமும் ஒரே சதவீதம்; ஆகவே பெரிய தொகை இன்னும் வேகமாக வளரும். 2017இல் ஏழாவது ஊதியக் குழுவை மாநிலம் ஏற்றபோது பழைய சம்பளம் எல்லாவற்றையும் 2.57ஆல் பெருக்கினார்கள். அன்றைய தொடக்க நிலைகளை மட்டும் எடுத்துப் பெருக்கிப் பார்த்தால் 3,170 என்பது 8,147 ஆகிறது.